முளைகட்டிய தானியம் போன தூரம்

சேலத்தில் காலை ஏழு மணிக்குள் சாலையோரத்துக் கூழ் வண்டிகளில் எவர்சில்வர் குண்டான்கள் ஏறிவிடும். ஒன்றில் கம்மங்கூழ், ஒன்றில் ராகிக்கூழ், பக்கத்தில் மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும். சில வண்டிகளில் இன்னொரு பாத்திரமும் இருக்கும்: வெல்லம் போட்ட சூடான ராகி மால்ட். நடைப்பயிற்சி முடித்தவர்களும் சர்க்கரைக்குப் பயந்து டீயை விட்டவர்களும் அதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். பெங்களூரில் ஒரு கோப்பை பியருக்கு அறுநூறு ரூபாய் கொடுக்கத் தயங்காத இளைஞர் ஒருவரும் அந்த வரிசையில் நிற்கலாம். அவருடைய இரண்டு பானங்களும் ஒரே தாய்க்குப் பிறந்தவை. முளைகட்டிக் காயவைத்த தானியம், அதாவது மால்ட்தான் அந்தத் தாய். பியர் காய்ச்சக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டியதும் இதன் வரலாற்றைத்தான். ஈஸ்டும் கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸும் பிறகு வருபவை.

ராசிபுரம் பக்கத்து வீடுகளில் குழந்தைக்குக் கூழ்மாவு தயாரிக்கும்போது பார்த்திருப்பீர்கள். ராகியைக் கல் அரித்து, இரவு முழுக்க ஊறவைத்து, நீரை வடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். இரண்டாம் நாள் அவிழ்த்தால் ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக ஒரு வால். நிழலில் உலர்த்தி, உள்ளங்கையால் தேய்த்துப் புடைத்தால் வால்கள் உதிர்ந்து பறக்கும். அவற்றை விட்டுவைத்தால் மாவு கசக்கும். பிறகு லேசான வறுப்பு, ரைஸ் மில், டப்பா. ஜெர்மனியிலோ ஸ்காட்லாந்திலோ உள்ள பெரிய மால்ட் ஆலைக்குள் போனாலும் இதே வரிசைதான்: ஊறல், முளை, உலர்த்தல், வால் நீக்கல். துணி மூட்டைக்குப் பதிலாக அங்கே உருளும் எஃகுத் தொட்டிகள்.

ஏன் முளைகட்ட வேண்டும்? விதைக்குள் இருப்பது மாவுச்சத்து. சின்னஞ்சிறு முளைக்கு அது அப்படியே செரிக்காது. அதனால் விதை விழித்ததும் அமைலேஸ் என்ற நொதியைச் சுரந்து, மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. சரியான நேரத்தில் உலர்த்தினால் முளை செத்துவிடும், நொதி தூங்கும், தண்ணீரும் சூடும் பட்டால் மறுபடி வேலை செய்யும். கெட்டியாகக் காய்ச்சிய ராகிக்கூழ், விரலை வைத்தால் சட்டென்று எடுக்க வேண்டிய அளவுக்கு ஆறியதும், இரண்டு கரண்டி முளைமாவைத் தூவிக் கலக்கிப் பாருங்கள். கரண்டி நிற்கும் பதத்தில் இருந்தது பத்து நிமிடத்தில் மோர் போல ஓடும். நாக்கில் வைத்தால் வெல்லம் போடாமலே தித்திக்கும். பியர் காய்ச்சுகிறவர் சுமார் 65 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் செய்வது இதே வேலைதான். அந்தத் தித்திப்புநீரை ஈஸ்டிடம் கொடுத்தால் பியர். குழந்தைக்குக் கொடுத்தால் கஞ்சி.

இதை முதலில் கண்டவர் யார்? நனைந்து முளைத்துப்போன தானியத்தை வீணாக்க மனமில்லாத யாரோ ஒருவர் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. இஸ்ரேலில் கார்மல் மலையின் ரக்கேஃபெட் குகையில், சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நட்டூஃபியர்கள் கல்லில் குடைந்த உரல்களில் முளைத்துப் புளித்த தானியத்தின் எச்சம் இருப்பதாக 2018-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தப் பகுதியில் முறையான வேளாண்மை தொடங்குவதற்கு முந்தைய காலம் அது. ரொட்டிக்காக உழவு தொடங்கியதா, பியருக்காகவா என்ற பழைய விவாதம் இதனால் மறுபடி சூடுபிடித்தது. சுமேரியர்களோ ஒளிவுமறைவே வைக்கவில்லை. பியருக்கென்றே நின்காசி என்ற பெண் தெய்வத்தை வைத்துக்கொண்டு, சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் அவள் பேரில் ஒரு துதியைக் களிமண் பலகையில் எழுதினார்கள். தானியத்தை நனைப்பதும் கூழைப் பரப்பி ஆற்றுவதும் அதில் வரிசையாக வருகின்றன. பானையைச் சுற்றி அமர்ந்து நீண்ட குழல்களால் உறிஞ்சும் மனிதர்கள் அவர்களுடைய முத்திரைகளில் இருக்கிறார்கள். மேலே மிதக்கும் உமியைத் தவிர்க்கத்தான் குழல்.

அந்தக் குழலை நினைவில் வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போவோம். நம் ராகியின் பிறந்த வீடு எத்தியோப்பியா முதல் உகாண்டா வரையிலான மேட்டுநிலம். அங்கே அது சோறாகவும் பியராகவும் வளர்ந்தது. வெப்ப நாட்டுத் தானியங்களில் முளைகட்டும்போது நொதி வளத்தில் ராகியோடு போட்டியிடக்கூடியவை குறைவு. சோளம்கூட அதற்கு ஒரு படி கீழேதான். உகாண்டாவின் டெசோ மக்கள் இன்றும் ராகிப் பியரைப் பானையில் வைத்து, வெந்நீர் ஊற்றி ஊற்றி, நீளக் குழல்களால் வட்டமாக அமர்ந்து குடிக்கிறார்கள். நேபாளத்தின் கிழக்கு மலைகளிலும் சிக்கிமிலும் லிம்பு மக்களும் ராகியைப் புளிக்கவைத்து, மரக் குவளையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சுகிறார்கள். பெயர் தோங்பா. தானியமும் வெந்நீரும் குழலும் ஒன்றாகவே இருந்தாலும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. லிம்புகள் முளைகட்டுவதில்லை, வேகவைத்த ராகியில் பூஞ்சையும் ஈஸ்டும் சேர்ந்த மர்ச்சா என்ற கட்டியைப் பொடித்துத் தூவுகிறார்கள். மாவை உடைக்கும் வேலையைப் பூஞ்சை செய்கிறது. சீனாவும் ஜப்பானும் போன வழி அது. ஒரே ராகி, ஆப்பிரிக்காவில் முளை வழியையும் இமயத்தில் பூஞ்சை வழியையும் பிடித்தது.

தெற்கே ராகி எப்போது வந்தது என்பதில் தொல்தாவரவியலாளர்களிடையே சச்சரவு உண்டு. ஆனால் கர்நாடகத்தின் ஹல்லூரில் கி.மு. 1000-ஐ ஒட்டிய அடுக்கிலேயே அதைக் காண்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ் நிலத்தில் வீட்டிலேயே மது காய்ச்சியதற்கான தெளிவான சாட்சியோ அரிசியைப் பற்றியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், ஒரு வீட்டில் மது தயாராகும் காட்சி நிதானமாக வருகிறது. களி போலத் துழாவிய அரிசிக் கூழை அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆற்றுகிறார்கள். புற்றுக்குள் இருக்கும் கறையான் கூட்டைப் போன்ற ஓர் அடையைக் கலக்கிறார்கள். வாய் உறுதியான சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். அந்த அடையை முளைநெல்லோடு சேர்த்துப் பொருள் கொள்ளும் உரை மரபு உண்டு. வேதியியல் அறிந்தவர் படித்தால், கூழை ஆற்றிய பிறகே அடையைக் கலக்கிறார்கள் என்ற இடத்தில் நின்றுவிடுவார். கொதிக்கும் கூழில் கலந்திருந்தால் நொதியும் ஈஸ்டும் வெந்து போயிருக்கும். வெப்பமானி இல்லாத காலத்தில், புலவர் அந்த வரிசையைப் பிசகாமல் பதிவு செய்திருக்கிறார். தமிழில் வீட்டு மதுவுக்கு இதைவிடப் பழைய செய்முறைக் குறிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இனி ஒரு நீண்ட தாவல். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மால்ட்டை உலர்த்துவது பெரிய தலைவலியாக இருந்தது. விறகும் வைக்கோலும் புகை நாற்றத்தை ஏற்றின. நிலக்கரியோ கந்தக வாடையால் பியரையே கெடுத்தது. 1640-களில் டெர்பிஷயர்க்காரர்கள் நிலக்கரியைச் சுட்டு வாடையைப் போக்கிய கோக்கைக் கொண்டு உலர்த்தத் தொடங்கினார்கள். மால்ட் வெளிறிய நிறத்தில், புகையின்றி வந்தது. பர்மிங்காமில் மால்ட் அரைக்கும் ஆலைகள் செய்பவரிடம் தொழில் பழகிய ஆபிரகாம் டார்பி, 1709-ல் கோல்புரூக்டேலில் அதே கோக்கை இரும்பு உருக்கும் உலையில் போட்டார். தொழிற்புரட்சியின் இரும்பு அங்கிருந்து ஓடியது.

இந்தக் கதை நம் கஞ்சமலை வரை வருகிறது. சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகப் பிரதிநிதியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் மலைகளின் காந்தத் தாதுவை நம்பி 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். எரிபொருள் மரக்கரி. காடு தேயத் தேய கரி விலை ஏறியது. சீமையில் கோக்கில் உருக்கிய மலிவான இரும்போடு அது கடைசிவரை போட்டியிட முடியவில்லை. சேலத்து இரும்பு தோற்றதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றன் வேரைத் தோண்டினால் டெர்பிஷயரின் மால்ட் சூளை தென்படுகிறது.

மால்ட் கப்பலும் ஏறியது, முதலில் மருந்தாக. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் மாலுமிகளைக் கொன்றுகொண்டிருந்த காலம். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்த தித்திப்புநீர் அதைத் தடுக்கும் என்று டேவிட் மேக்பிரைடு என்ற மருத்துவர் நம்பினார். 1768-ல் புறப்பட்ட கேப்டன் குக்கின் கப்பல் மால்ட் பீப்பாய்களோடு போனது. குக் ஊருக்கு ஊர் இறங்கிப் பச்சைக் கீரைகளையும் உண்ணச் செய்ததால் அவருடைய ஆட்கள் ஸ்கர்வியிலிருந்து தப்பினார்கள். பெருமையில் பெரும்பங்கோ மால்ட்டுக்குப் போயிற்று. உலர்த்திய மால்ட்டில் வைட்டமின் சி இல்லை என்றே சொல்லலாம். எலுமிச்சை உதவும் என்று ஜேம்ஸ் லிண்ட் 1747-லேயே சோதித்துக் காட்டியிருந்தும், பிரிட்டிஷ் கடற்படை 1795-ல்தான் எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்கியது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் இறந்த மாலுமிகளை நினைத்தால், மால்ட்டின் வரலாற்றில் எனக்குப் பிடிக்காத பக்கம் இதுதான்.

அதே காலத்தில் வெளிறிய மால்ட்டில் செய்த பியர் சென்னைத் துறைமுகத்துக்கும் வந்துகொண்டிருந்தது. லண்டனின் போ பகுதியில் இருந்த ஜார்ஜ் ஹாட்ஜ்சனின் ஆலை கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைக்குப் பக்கம். கப்பல் தலைவர்களுக்கு அவர் நீண்ட தவணையில் கடன் கொடுத்தார். அவருடைய வெற்றியில் சுவைக்கு இருந்த பங்கு இந்தத் தவணைக்கும் இருந்தது. அவருக்குப் பின் ஆலையை நடத்தியவர்கள் தவணையை நெருக்கி, தாங்களே சரக்கு அனுப்பவும் முற்பட்டபோது கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 1822-ல் கம்பெனி இயக்குநர் ஒருவர், பர்ட்டன் நகரின் சாமுவேல் ஆல்சப்பிடம் ஹாட்ஜ்சனின் பியரைக் கொடுத்து இதேபோல் செய்யச் சொன்னார். ஆல்சப்பின் ஆலைக்காரர் முதல் மாதிரியை ஒரு தேநீர்ச் சாடியில் காய்ச்சிப் பார்த்தார் என்பது கதை. நகல் அசலை வென்றது. பர்ட்டன் கிணறுகளின் ஜிப்சம் கலந்த கடினநீர் ஹாப்ஸின் கசப்பைத் துலக்கிக் காட்டியது முக்கியக் காரணம். உலகெங்கும் கிராஃப்ட் பியர் கடைகளில் இன்று இந்தியாவின் பெயரோடு விற்கும் இந்தியா பேல் ஏல் இந்தப் போட்டியில் உருவானது.

1833-ல் மால்ட் வேறொரு வாசலைத் திறந்தது. பாரிசில் வேதியியலாளர்கள் பாயனும் பெர்சோவும் மால்ட் ஊறல்நீரிலிருந்து, மாவை உடைக்கும் டயஸ்டேஸைப் பிரித்தெடுத்தார்கள். மனிதன் பிரித்தெடுத்த முதல் நொதி அது. ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து ஜப்பானியரான தகமினே ஜோகிச்சி அமெரிக்காவின் பியோரியாவுக்குப் போய், விஸ்கிக்கு மால்ட்டே வேண்டாம், எங்கள் ஊர்ப் பூஞ்சை அந்த வேலையைச் செய்யும் என்றார். மால்ட் வியாபாரிகள் கொதித்தார்கள். ஆலையும் தீக்கிரையானது. 1894-ல் தமது பூஞ்சை நொதிக்குக் காப்புரிமை பெற்ற தகமினே, அதைச் செரிமான மருந்தாக மாற்றினார். இன்று சேலத்தில் எந்த மருந்துக் கடையிலும் விருந்து உண்ட மறுநாள் வாங்கும் செரிமான மாத்திரையின் பின்புறத்தைப் படியுங்கள். பலவற்றில் பூஞ்சை டயஸ்டேஸ் இருக்கும். தோங்பாவின் வழியும் மால்ட்டின் வழியும் ஓர் அட்டையில் சந்தித்துக்கொண்டன.

நம்மூரில் மால்ட்டுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தவர்கள் இரண்டு சகோதரர்கள். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் இருவரும் 1873-ல் தொழில் தொடங்கி, 1883-ல் மால்ட்டையும் பாலையும் உலர்த்திய பொடிக்குக் காப்புரிமை பெற்றார்கள். குழந்தை உணவாகத் தொடங்கியது, துருவப் பயணிகளின் மூட்டைக்குள் புகுந்தது. அண்டார்க்டிகாவில் ஹார்லிக் என்ற பெயரில் ஒரு மலைத்தொடரே உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ஊர் திரும்பிய இந்தியச் சிப்பாய்களோடு அது இங்கே வந்தது. 1960-ல் பஞ்சாபின் நாபாவில் ஆலை எழுந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகப் போவது கொங்குநாட்டிலும் ஒரு முறையாகிவிட்டது. அந்தப் பாட்டிலில் இருந்தது, ஈஸ்டைச் சந்திக்காத பியர்.

உள்ளூர் ஆலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐஸ் இல்லாத காலத்தில் பியருக்குக் குளிர் வேண்டும். எனவே மலைக்குப் போனார்கள். 1857-ல் ஊட்டியில் காசில் புரூவரி. 1915-ல் அதையும் வேறு சில ஆலைகளையும் ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் லீஷ்மன் ஒன்றாக்கியதே யுனைடெட் புரூவரீஸ். பீப்பாய்கள் மாட்டு வண்டிகளில் படை முகாம்களுக்குப் போயின. கீழே, சேலம் சமவெளியில், சாதாரண மக்களின் குடி கள்ளும் சாராயமும்தான்.

அந்தச் சமவெளியில்தான் பெரிய சோதனை நடந்தது. 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்த ராஜாஜி, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் துணை நின்றார். சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று, முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று அதே மாவட்டம். கலால் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் வந்ததுதான் பொது விற்பனை வரி. நாட்டில் முதலாவது அது. நெசவாளி வீட்டில் கூலி முழுதாக வந்து சேர்ந்ததை நான் சிறிதாக நினைக்கவில்லை. மரம் ஏறிப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் தொழில் இழந்ததையும் அப்படியே. இரண்டும் அந்த நாளின் கணக்கில் உண்டு.

அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்தில், 1920 முதல் 1933 வரை, பியர் ஆலைகள் மால்ட் பாகை டப்பியில் அடைத்து, ரொட்டி சுடுவதற்கென்று விற்றுப் பிழைத்தன. வீட்டு அடுப்பில் அது என்னவாகும் என்று விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் தெரியும். வீட்டில் பியர் காய்ச்சும் பழக்கம் அப்படி உயிர் பிழைத்தது. பிரிட்டன் 1963-ல் வீட்டுப் பியருக்கு உரிமம் வேண்டாம் என்றது. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். ஸ்காட்லாந்தில் கடற்படைப் பணியில் இருந்தபோது அந்த ஊர் பியரை ருசித்த ஜாக் மெக்காலிஃப், ஊர் திரும்பி அது கிடைக்காததால் தானே காய்ச்சிப் பழகி, 1976-ல் கலிஃபோர்னியாவில் நியூ ஆல்பியன் என்ற சின்ன ஆலையைத் தொடங்கியிருந்தார். ஆறே ஆண்டில் மூடியது. ஆனால் அவரைப் பார்த்துத் தொடங்கியவர்கள் நிலைத்தார்கள். கிராஃப்ட் பியர் அலை அங்கிருந்து கிளம்பி, 2010, 2011 வாக்கில் பெங்களூரில் கரை ஏறியது.

அங்கே அது ராகியைச் சந்தித்தது, சுற்றிவந்த பயணத்தின் நல்ல திருப்பம். பெங்களூரின் சிற்றாலைகள் சில பார்லி மால்ட்டோடு ராகியையும் சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தன. ராகி மணி கடுகைப்போல் சிறிது. பார்லிக்கு இருப்பதுபோல் ஒட்டிய உமியும் இல்லை. கூழ் தொட்டியின் அடியில் சேறாகப் படிந்து தித்திப்புநீர் வடிய மறுக்கும். அதற்கு மருந்து, கழுவிய நெல் உமியைக் கலப்பது. உமி இடைவெளி விட, நீர் இறங்கிவிடும். நம் அரிசி ஆலைகள் கொதிகலனில் போட்டு எரிக்கும் உமிக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது.

இந்தத் தேடல் ராகியோடு நிற்கவில்லை. மொசாம்பிக்கில் 2011-ல் மரவள்ளிக் கிழங்கைக் கொண்டே இம்பாலா என்ற பியர் சந்தைக்கு வந்தது. ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் அதே கிழங்கு ஜவ்வரிசி ஆகிறது. கிழங்கில் மாவு உண்டு, அதை உடைக்கும் நொதி இல்லை. அந்த நொதியைக் கொடுக்க அங்கேயும் மால்ட் வேண்டும்.

சேலத்திலோ நாமக்கல்லிலோ இதை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1937-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், பலமுறை திருத்தப்பட்டு, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமாக இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய படிகள் எல்லாம் திறந்திருக்கின்றன. கைத்திறன் முழுவதும் அங்கேதான் என்பது என் துணிபு. ஒரு நாள் முளைத்த ராகி, இரண்டு நாள், மூன்று நாள் என்று தனித்தனியாக உலர்த்தி, மூன்றின் மாவையும் ஒரே கெட்டிக்கூழில் சோதித்துப் பாருங்கள். எது கூழை அதிகம் இளக்குகிறது, எது அதிகம் தித்திக்கிறது என்பது நாக்குக்கே தெரியும். பாதியை வெளிறலாக, பாதியைச் சிவக்க வறுத்தால், ஒன்றில் தேன் வாசம், மற்றதில் ரொட்டி மேலோட்டின் வாசம். சாலையோரத்தில் மால்ட் என்று விற்பதில் பல, முளைகட்டாத ராகி மாவில் காய்ச்சியவை என்பதையும் அந்த நாக்கு இனிமேல் கண்டுகொள்ளும்.

இந்த அறிவை மிகப் பொறுப்பாகப் பயன்படுத்தியவர்கள் உணவு அறிவியலாளர்கள். குழந்தையின் வயிறு சிறியது. சத்துள்ள கெட்டிக்கூழை அது விழுங்காது, தண்ணீர் விட்டு இளக்கினால் சத்து போய்விடும். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும் வடோதரா ஆய்வாளர்களும் முளைமாவின் நொதியால் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். மாவு குறையாமலே கூழ் இளகியது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் தரும் சத்துமாவில் கோதுமை, கடலை, வெல்லத்தோடு முளைகட்டிய ராகியும் உண்டு. சேந்தமங்கலத்தில் இன்று காலை ஒரு குழந்தைக்கு அதை உருண்டை பிடித்து ஊட்டியிருப்பார்கள்.